குறைந்த விலையில் கேமிங் லேப்டாப்: கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஓர் ஆய்வு

திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லம் வரை செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். 1984இல் இங்கே தொடங்கப்பட்ட கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இன்று இந்தச் சிற்றூர் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். ராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகனும், சிவகாசி அச்சகக்காரரின் மகளும், ஆந்திராவிலிருந்து வந்த மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாண்டுச் சேர்க்கை முடிந்ததும் இவர்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு எழுகிறது: எந்த லேப்டாப் வாங்குவது?

பிள்ளைக்குப் படிப்போடு ஆன்லைன் விளையாட்டும் ஓட வேண்டும். பெற்றோருக்கோ, வாங்கியது நான்கு ஆண்டு தாங்க வேண்டும். அதற்காகக் கடன்படக் கூடாது. இரண்டும் நியாயமான எதிர்பார்ப்புகள். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடியும் என்பது என் முடிவு. ஆனால் விளம்பரம் பெரிய எழுத்தில் சொல்வதை மட்டும் நம்பினால் முடியாது. ரேம் ஒற்றையா இரட்டையா, கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட், அறையில் எவ்வளவு வெப்பம், இணைப்பு எப்படி என்று பெட்டியின் மேல் அச்சிடாத சங்கதிகள்தாம் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எந்த விளையாட்டு?

கடைக்குப் போகும் முன் தீர்மானிக்க வேண்டியது விளையாட்டு. ஆன்லைன் செஸ் ஆட எந்த லேப்டாப்பும் போதும். பிஜிஎம்ஐ விளையாட்டு மொபைலுக்காகவே செய்யப்பட்டது; அதற்கு அதிகாரபூர்வமான கணினிப் பதிப்பு கிடையாது. அதற்காக லேப்டாப்பில் கூடுதல் பணம் போடுவது வீண்.

மாணவர்கள் அதிகம் ஆடும் வேலரண்ட் மிக எளிய கணினியிலும் ஓடும்படி எழுதப்பட்டது. 4 ஜிபி ரேமும், 2012ஆம் ஆண்டுச் செயலிகளில் இருந்த இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸும் அதற்குக் குறைந்தபட்சத் தேவை. நொடிக்கு 144 ஃபிரேமுக்கு மேல் வேண்டுமென்றால், 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவுக்கு ஒரு கார்டை அதைத் தயாரித்த நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2023இல் வெளிவந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 சற்றுக் கனமானது: 8 ஜிபி ரேம், 85 ஜிபி சேமிப்பிடம் கேட்கிறது. கணினிப் பதிப்பான பப்ஜி அதைவிடக் கனம். நன்றாக ஓட 16 ஜிபி ரேமும், ஜிடிஎக்ஸ் 1060 நிலையில் ஒரு கார்டும் வேண்டும்.

ஆக, போட்டி விளையாட்டுகள் பலவும் பத்து ஆண்டுக்கு முந்தைய கார்டின் வலிமைக்கே அடங்கிவிடுகின்றன. ஒரு லட்சம் ரூபாய் இல்லாமல் கேமிங் லேப்டாப் கிடையாது என்ற பேச்சு, புதிதாக வரும் கனமான கதை விளையாட்டுகளுக்குத்தான் பொருந்தும். ஆடப்போவது வேலரண்ட் என்றால் பாதிச் செலவில் வேலை முடியும்.

கிராபிக்ஸ்: பெயரும் வாட்டும்

லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு வகை. செயலிக்குள்ளேயே இருப்பது ஒன்று. தனி நினைவகத்தோடு வரும் கார்டு இன்னொன்று.

செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இப்போது வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஏஎம்டியின் ரேடியான் 660எம், 680எம், 780எம், இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ ஆகியவற்றில் வேலரண்ட் நன்றாகவே ஓடும். ஆனால் இவற்றுக்குச் சொந்த நினைவகம் இல்லை. கணினியின் ரேமைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் ரேம் ஒற்றையாக இருக்கிறதா, இரட்டையாக இருக்கிறதா என்பது இங்கே பெரிய கேள்வியாகிறது. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தகவல் போய்வரும். இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. ஒற்றை ரேமோடு விற்பது பெரிய மோட்டார் வைத்து அரை அங்குலக் குழாயில் தண்ணீர் இறைப்பது போன்றது. இன்டெல் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறது. ரேம் இரட்டையாக இல்லாவிட்டால் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே திரையில் வராது. வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். கடையில் 8 ஜிபி ஒற்றை ரேமோடு இருக்கும் லேப்டாப்பை வாங்கினால், இன்னொரு 8 ஜிபி ரேமை வாங்கிப் போடுவதுதான் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம். அதற்குக் காலி ஸ்லாட் வேண்டும். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களில் அந்த வழி அடைபட்டுவிடும்.

தனிக் கார்டு என்று வந்தால் குறைந்த விலையில் கிடைப்பவை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2050, 3050, 4050. இவற்றில் 2050 என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. பெயர் பழைய 2000 வரிசையைப் போல இருந்தாலும் உள்ளே இருப்பது 3050இன் குடும்பத்துச் சில்லு. 4 ஜிபி 3050இல் இருப்பதைப் போலவே இதிலும் 2048 கூடா கோர்கள் உண்டு. நினைவகத்துக்குப் போகும் பாதை மட்டும் 128 பிட்டுக்குப் பதில் 64 பிட். வேலரண்டில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது; கனமான விளையாட்டில் தெரியும். 3050இன் 6 ஜிபி வகையும் 4050இன் 6 ஜிபியும் நான்கு ஆண்டு ஓட்டத்துக்குப் பொருத்தமானவை. 4 ஜிபி நினைவகம் இப்போதே பல புதிய விளையாட்டுகளுக்குப் போதவில்லை.

அடுத்தது வாட். 3050ஐ 35 வாட்டிலிருந்து 80 வாட் வரையும், 4050ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரையும் ஓட்டிக்கொள்ள என்விடியா லேப்டாப் நிறுவனங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஒரே பெயர் கொண்ட கார்டு ஒல்லியான லேப்டாப்பில் அடக்கி ஓட்டப்படும். தடித்த லேப்டாப்பில் முழு வேகத்தில் ஓடும். குறைந்த வாட்டில் ஓடும் 4050, நிறைந்த வாட்டில் ஓடும் 3050ஐ நெருங்கும் நிலையிலேயே நின்றுவிடவும் கூடும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கார்டு எத்தனை வாட் என்பது. விற்பவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் டிஜிபி என்ற தலைப்பின் கீழ் தேடலாம். அங்கேயும் எழுதாத மாடலைத் தவிர்ப்பது நல்லது.

செயலி, ரேம், சேமிப்பு, திரை

செயலியின் பெயரிலும் பொறி இருக்கிறது. ஏஎம்டியின் 7000 வரிசையில் முதல் எண் வெளிவந்த ஆண்டைச் சொல்கிறது; உள்ளிருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது எண். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது எண் 2. அது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர்கள்தாம், கிராபிக்ஸும் மெலிது. ரைசன் 5 7535எச்எஸ் ஜென் 3+. ரைசன் 5 7640எச்எஸ் ஜென் 4. மூன்றுமே ரைசன் 5தான், மூன்றும் 7இல்தான் தொடங்குகின்றன. ஆனால் வலிமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இன்டெலில் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். யு என்றால் மின்சாரச் சிக்கனத்துக்கு, எச் என்றால் வேகத்துக்கு. ஐ5 12450எச் எட்டு கோர் கொண்ட நல்ல செயலி. ஆனால் அதன் உள் கிராபிக்ஸ் மெலிந்தது. தனிக் கார்டு உள்ள லேப்டாப்பில்தான் அது ஒளிரும். கார்டு இல்லாமல் வாங்குவோருக்கு 80 அலகு ஐரிஸ் எக்ஸ்இ கொண்ட ஐ5 1235யு விளையாட்டில் அதை முந்தும். அதற்கும் இரட்டை ரேம் வேண்டும்.

ரேம் 16 ஜிபி இன்றைய அளவுகோல். விளையாட்டு ஓடும்போதே டிஸ்கார்டும் பிரௌசரும் திறந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சேமிப்பு 512 ஜிபி எஸ்எஸ்டி. 256 ஜிபியில் விண்டோஸும் கல்லூரி மென்பொருள்களும் போக மிஞ்சும் இடத்தில் 85 ஜிபி விளையாட்டு இரண்டை வைப்பதே கடினம்.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. வீடியோ எடிட்டிங்கோ டிசைனோ படிப்பவர்கள் நிறத்தையும் பார்க்க வேண்டும். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி நல்லது.

வெயிலும் பஞ்சுத் தூசியும்

இந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தேர்வு நிறைவடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, மழை மறைவில் இருக்கும் நிலம் இது. சித்திரையிலும் வைகாசியிலும் பகல் வெப்பம் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான லேப்டாப் நிறுவனங்கள் தங்கள் கருவி இயங்க ஏற்ற சூழல் வெப்பம் 5 முதல் 35 டிகிரி என்றுதான் எழுதுகின்றன. மின்விசிறி மட்டும் உள்ள விடுதி அறையில் கோடை மதியம் விளையாடுவது அந்த எல்லைக்கு வெளியே ஓட்டுவதாகும்.

உடனே எதுவும் எரிந்துவிடாது. செயலி 95, 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாணவர்கள் லேக் அடிக்கிறது என்று சொல்லி இணைப்பைக் குறை கூறும் பல நேரங்களில் உண்மைக் காரணம் இந்தச் சூடுதான். எனவே இரண்டு விசிறி, பின்புறமும் பக்கவாட்டிலும் காற்று வெளியேறும் வழி, சற்றுத் தடித்த உடல் ஆகியவை உள்ள மாடலே இந்தப் பகுதிக்கு ஏற்றது. இரண்டேகால் கிலோ எடை என்று தயங்க வேண்டாம். அந்த எடையில் ஒரு பகுதி சூட்டை வெளியேற்றும் செம்பு.

வெப்பத்தோடு தூசியும் சேர்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தறியும் மில்லும் அருகிலிருக்கும் வீடுகளில் பஞ்சுத் தூசி லேப்டாப்பின் காற்றுத் துவாரத்தில் படிந்து மெத்தைபோல அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வதும், இரண்டு மூன்று ஆண்டில் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதும் இங்கே அவசியச் செலவு. பாயிலும் மெத்தையிலும் வைத்து ஆடக் கூடாது. பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே சூடு குறையும். திரை காட்டக்கூடிய அளவுக்கு மேல் ஃபிரேம் ஓடாமல் விளையாட்டுக்குள்ளேயே வரம்பு போட்டால் இன்னும் குறையும்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. லேப்டாப் பேட்டரி மின்வெட்டிலும் வேலையைக் காப்பாற்றும். ஆனால் விளையாட்டுக்கு உதவாது. 50, 60 வாட்மணி பேட்டரி முழுத் திறனில் ஓடும் கார்டை நெடுநேரம் தாங்காது. வேகமும் தானே குறைந்துவிடும். கேமிங் லேப்டாப்பைச் சார்ஜரோடு ஓட்டும் கருவியாகவே எண்ணி வாங்க வேண்டும்.

பிங்: பணத்தால் வாங்க முடியாத பகுதி

ஆன்லைன் விளையாட்டில் பாதிக் கணக்கு லேப்டாப்புக்கு வெளியே இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து நேர்க்கோட்டில் சென்னை ஏறத்தாழ 480 கிலோமீட்டர், மும்பை 1,200, சிங்கப்பூர் 3,000. தகவல் போய்வர ஆகும் நேரமே பிங். அது சென்னைக்கு 5 மில்லிசெகண்டு, மும்பைக்கு 12, சிங்கப்பூருக்கு 30. இயற்கை விதித்திருக்கும் கீழ் எல்லை இது. இழை சுற்றிச் செல்வதாலும், வழியில் பல கருவிகள் நின்று அனுப்புவதாலும் திரையில் தெரியும் பிங் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

தென் மாவட்டத்துக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் நடத்தும் வால்வ் நிறுவனம் மும்பையோடு சென்னையிலும் சர்வர் வைத்திருக்கிறது. வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. சிங்கப்பூர் சர்வரை நம்பும் விளையாட்டுகளுக்கும் வழி நீளமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 2002 முதலே இருக்கிறது.

தடை வருவது கடைசி நூறு மீட்டரில். நூறு பேர் பங்கிடும் விடுதி வைஃபையில் எந்த லேப்டாப்பும் தடுமாறும். கல்லூரி வலையமைப்புகள் விளையாட்டுகளுக்கான வழிகளை அடைத்து வைப்பதும் உண்டு. அது அவற்றின் உரிமை. வெளியே வாடகை வீட்டில் தங்குவோர், நான்கைந்து பேர் சேர்ந்து ஃபைபர் இணைப்பு வாங்கி, ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினால் பெரும் மாற்றம் தெரியும். ஆகவே லேப்டாப்பில் லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒல்லி மாடல்களில் அது இல்லை.

விலை, பழைய லேப்டாப், சர்வீஸ்

2025ஆம் ஆண்டுச் சந்தையைக் கொண்டு பார்த்தால் விலை மூன்று படிகளாக நின்றது. தனிக் கார்டு இல்லாத நல்ல லேப்டாப் நாற்பது முதல் ஐம்பதாயிரம். ஆர்டிஎக்ஸ் 2050, 3050 உள்ளவை ஐம்பதுகளில் தொடங்கி எழுபதாயிரம் வரை. 4050 எழுபத்தைந்திலிருந்து தொண்ணூறாயிரம் வரை. எச்பி விக்டஸ், லெனோவோ எல்ஓக்யூ, ஏசர் நைட்ரோ வி, ஏசூஸ் டஃப், எம்எஸ்ஐ தின் ஆகியவை பின்னிரண்டு படிகளில் அதிகம் விற்பவை. இந்த விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் உலகெங்கும் ரேம் விலை ஏறத் தொடங்கியதால் இந்தக் கணக்கில் மேல்நோக்கி மாற்றம் வரும். பிறகு ரேம் கூட்டலாம் என்று தள்ளிப்போடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அரசு லேப்டாப் கிடைத்த மாணவர்களுக்கும் ஒரு சொல். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஐ3, ரைசன் 3 வகைச் செயலியும் 8 ஜிபி ரேமும் கொண்ட ஒரு லேப்டாப்பில் வேலரண்ட் ஓடும். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் விளையாட்டுக்கென்று இன்னொன்று வாங்க அவசரம் வேண்டாம். லினக்ஸில் மட்டும் வேலரண்ட் ஓடாது. அதன் மோசடித் தடுப்பு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸிலேயே ஓடும்.

பழைய லேப்டாப் வாங்குவோர் மூன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0வோடு செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும். இவை சரியாக இருந்தாலும், அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்து, சூடு ஏறிய பிறகும் ஃபிரேம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தபின்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சர்வீஸ் பற்றி வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. பல நிறுவனங்களுக்கு நமக்குப் பக்கத்துப் பெரிய மையம் மதுரைதான்; போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி கிருஷ்ணன்கோவில் பின்கோடுக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சற்றுக் கூடக் கொடுத்து வாரண்டியை மூன்றாண்டாக்குவது, ஒரு படி உயர்ந்த கார்டு வாங்குவதைவிடப் பல குடும்பங்களுக்குப் பயன் தரும்.

விளையாட்டும் சூதும்

ஆன்லைன் கேம் என்றதும் பல பெற்றோருக்கு ரம்மியில் பணம் போன செய்திகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு 2022இல் நிறைவேற்றி 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமும், பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதித்த 2025ஆம் ஆண்டு விதிமுறைகளும் அந்த அச்சத்தின் விளைவே. அந்த விதிமுறைகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடு முழுவதும் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. நாம் பேசும் வேலரண்டும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் திறமையால் ஆடும் போட்டிகள். பிள்ளை எதை ஆடுகிறான் என்று பெற்றோர் அறிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை ஓயும். அதற்காக இரவு முழுவதும் ஆடுவது நல்லதாகிவிடாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை தனியாக இடம்பெற்றிருக்கிறது.

முடிவு

போட்டி விளையாட்டு மட்டும் ஆடுபவருக்கும் வீட்டில் கையிருப்பு குறைந்தவருக்கும் முதல் படியே போதும்: நல்ல உள் கிராபிக்ஸ், இரட்டையாக 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கனமான விளையாட்டும் பொறியியல் மென்பொருளும் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் 6 ஜிபி 3050, எச் வகைச் செயலி, 144 ஹெர்ட்ஸ் திரை கொண்ட தடித்த லேப்டாப். பெரும்பாலான மாணவர்களுக்கு இதுவே சரியான இடம் என்பது என் தீர்ப்பு. 4050க்குப் போக வேண்டியவர்கள் முப்பரிமாண வடிவமைப்போ இயந்திரக் கற்றலோ படிப்பவர்கள். விளையாட்டுக்காக மட்டும் அந்தக் கூடுதல் இருபதாயிரத்தைக் கடனாக வாங்கத் தேவையில்லை.

பெற்றோரே, பிள்ளையிடம் எந்த விளையாட்டு என்று கேளுங்கள். மாணவர்களே, கடைக்காரரிடம் எத்தனை வாட், ரேம் ஒற்றையா இரட்டையா, காலி ஸ்லாட் உண்டா, சர்வீஸ் எங்கே என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் விடை கிடைக்கும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.